ஒரு சொட்டு ஈரம் இல்லாத கீல்

கைய இப்படி சொறிஞ்சிகினே கீறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வியாதி இல்ல. ஃபைபர் தூசி. முப்பத்தொரு வருசமா தோலுக்குள்ள பூந்து உக்காந்துகீது, எந்த சோப்பு போட்டாலும் போவாது. சேரைத் தள்ளிப் போட்டுக்க வேணாம், ஒட்டாது.

பேரு வேதமாணிக்கம். ராயபுரத்துல பொறந்தேன், ராயபுரத்துலயே கீறேன். காசிமேட்டுல ஃபைபர் போட்டு, அதான் படகு, ரிப்பேர் பண்ற ஷெட்டு என்னுது. ஸ்டேசனுக்கு யாரும் என்ன இட்டுகினு வரல, நானா வந்தேன். டெரிக் சாரு போட்டு கவுந்து செத்தது விபத்துன்னு எழுதி நீங்க ஃபைல மூடிட்டீங்க. அத கொஞ்சம் தொறக்கணும். நிதானமா சொல்றேன், எழுதிக்குங்க.

டெரிக் சாரு ஹார்பர்ல டக்கு ஓட்டினவரு. பெரிய கப்பல இஸ்துகினு வருமே, அந்த டக்கு. ரிட்டையர் ஆனதுக்கு அப்பால சொம்மா குந்த முடியல மனுசனுக்கு. எண்ணூர் பக்கம் மூடிப் போட்ட ஒரு ஃபேக்டரி பின்னாடி பழைய பாய்மரப் போட்டு ஒண்ணு கெடந்துச்சு. இருபத்திநாலு அடி, ஃபைபர். பன்னெண்டு வருசமா மழையிலயும் வெயில்லயும் நனைஞ்சு காஞ்சு கெடந்தது. அத வாங்கி, லாரில ஏத்தி, நேரா என் ஷெட்டுக்குத்தான் கொண்டாந்தாரு. டக்கு ஓட்டினவருக்குப் பாய் புதுசு. புஸ்தகம் வாங்கி வெச்சுப் படிச்சிகினு இருந்தாரு. சில்வியாம்மாவ, அதான் அவரு சம்சாரத்த, ஏத்திகினு மகாபலிபுரம் வரைக்கும் போய்ட்டு வரணும்னு ஆசை. போட்டுக்கு அந்தம்மா பேரையே வெச்சாரு.

அந்தப் போட்டுக்கு அடியில கீல்னு ஒண்ணு கீது மேடம். மீனு முதுகுல துடுப்பு நிக்கும்ல, அத்த தலைகீழா அடியில மாட்டின மாதிரி. அதுலதான் கோளாறு. அடில ஒரு விரிசல். அது வழியா பழுப்புத் தண்ணி கசிஞ்சு, வெள்ளப் போட்டு மேல கோடு கோடா எறங்கி இருந்துச்சு. தட்டினா டொக்குனு சத்தம். உள்ள தண்ணி தேங்கி, ஃபைபர் ஊறிப் போச்சுன்னு பார்த்த ஒடனே சொல்லிட்டேன்.

எதிர் ஷெட்டுல தண்டபாணி. என்னோட பத்து வயசு சின்னவன், தொழிலு என் கிட்டதான் கத்துகினான், இப்ப தனியா வெச்சிருக்கான். அவன் வந்து சுத்திப் பார்த்துட்டு, ‘சார், இது பாய் போட்டு. அண்ணனுக்கு மீன் போட்டுதான் தெரியும். பாய் போட்டு கிளப்புல வேலை செஞ்ச ஆளு யாராவது கெடைப்பான், விசாரிங்க’ன்னான். என்ன வெச்சுகினே சொன்னான். டெரிக் சாரு அவனத் திரும்பிக் கூட பாக்கல. ‘முப்பது வருசமா இவன் மூடின போட்டுல தண்ணி பூந்து நான் பார்த்தது இல்ல. எனக்கு இவன் போதும்பா’ன்னாரு. ஷெட்டு வாசல்ல ஏழெட்டு பேரு நின்னுகினு இருந்தாங்க. அந்த வார்த்தைய அன்னிக்கு நான் வூட்டுக்குப் போயி ரெண்டு தபா சொல்லிக் காட்டினேன். எனக்கு அவ்ளோ சந்தோசம்.

அப்பால அவரு பெங்களூருக்குப் போனாரு. மக டெபோராவுக்குப் பிரசவம். ஒரு மாசம் ஆவும்னாரு. கெளம்பச்சொல்ல ஷெட்டுக்கு வந்து, ‘மாணிக்கம், ராயப்பர் திருவிழாவுக்குத் தண்ணில எறக்கணும், சாமியாரு மந்திரிக்கிறேன்னு சொல்லிக்கீறாரு. உள்ள ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. மத்ததெல்லாம் உன் இஷ்டம்’னாரு. மத்ததெல்லாம் உன் இஷ்டம்னு அவருதான் சொன்னாரு. அதையும் சேத்து எழுதிக்குங்க.

மறுநாளே கீல் பக்கவாட்டுல ஜன்னல் மாதிரி அறுத்தோம். நானும் பொன்ராஜும். பொன்ராஜு நெட்டுக்குப்பத்துக்காரன், இருவது வருசமா என் கூட கீறான், பெயிண்ட்டு வேலையில கில்லாடி. அறுத்ததும் கொடகொடன்னு பழுப்பாத் தண்ணி. சாக்கடை நாத்தம். மூணு நாளு ஒழுவிச்சு. அது நின்னதும் டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ள பூரா துருப்புடிச்ச இரும்பு. குத்திக் குத்தி வெளிய எடுத்தோம், கை ரெண்டும் செவந்து போச்சு. பதினேழு கோணி வந்துச்சு. தண்ணிய புடிச்சு வெச்சிகினு இருந்ததே அந்த இரும்புதான். உப்புத் தண்ணில ஊறி, உப்பி, கீல உள்ள இருந்தே பொளந்துகினு இருந்துச்சு. ஷெட்டு வாசல்ல மழைத்தண்ணி நிக்கிற பள்ளம் ஒண்ணு, அந்தக் கோணிய எல்லாம் கொண்டுபோயி அதுல கொட்டி மேடாக்கிட்டோம்.

அப்பால காய வெச்சோம். உள்ள ஹாலஜன் லைட்டு ரெண்டு மாட்டி, ஃபேன வெச்சு, பதினாறு நாளு. ஈரம் கீதா இல்லையான்னு பாக்க நம்ம கிட்ட மிஷினு கெடையாது. பாலித்தீன் கவர ஃபைபர் மேல விரிச்சு, நாலு பக்கமும் டேப்பு போட்டு ஒட்டிடணும். காலைல பார்த்தா கவருக்கு உள்பக்கம் வேர்த்து நிக்கும். வேர்த்தா ஈரம் கீதுன்னு அர்த்தம். மொத வாரம் சொட்டு சொட்டா நின்னுச்சு. ரெண்டாவது வாரம் பனி மாதிரி லேசா. பதினாறாம் நாளு கவரு பளிச்சுனு இருந்துச்சு. பொன்ராஜ கூப்ட்டுக் காட்டினேன். இத நான் பெருமைக்குச் சொல்லல மேடம், அந்த ஈரம் எடுத்த வேலைய அந்தக் கிளப்பு ஆளுங்க வந்தாலும் என்ன மாதிரி செஞ்சிருக்க மாட்டாங்க.

இப்போ உள்ள காலியா கீது. காலியா உட்டா திரும்பத் தண்ணி பூரும். எங்க மீன் போட்டுல ஒரு வழக்கம் கீது. எங்கெங்க பொந்து கீதோ அங்கெல்லாம் ஃபோம் ஊத்திடுவோம். ரெண்டு கேனு தண்ணி மாதிரி இருக்கும், கலந்து ஊத்தினா இட்லி மாவு மாதிரி பொங்கி மூலை முடுக்கெல்லாம் அடைச்சிகினு கெட்டியாயிடும். தண்ணி பூர்ற எடமே இருக்காது. போட்டு கவுந்தாலும் முழுவாது, ஆளுங்க புடிச்சிகினு மெதக்கலாம். எங்க கடப்பொறத்துல ஃபோம் இல்லாத போட்ட எந்தப் பொம்பளையும் தன் புருசன ஏற உடமாட்டா. அந்த நெனப்புலதான் கீல் பூரா ஃபோம் ஊத்தினேன். ஊத்தி, ஏழு அடுக்கு மேட்டு, அதான் ஃபைபர் துணி, ஒட்டி, தேச்சு, பெயிண்ட் அடிச்சு மூடினேன். அது வரைக்கும் நான் செஞ்சது தெரியாத்தனம். சத்தியமா தெரியாத்தனம்.

திருவிழாவுக்கு ஒம்பது நாளு இருக்கச்சொல்ல, போட்ட ஷெட்டுல இருந்து கரைக்கு நவுத்த கிரேனு வந்துச்சு. கிரேனு ஓட்றது மொஹ்சின். லாரில இருந்து போட்ட எறக்கினதும் அவன்தான். கிரேன்ல எடை காட்ற டப்பா ஒண்ணு கீது. தூக்கிட்டு, அதப் பார்த்துட்டு, தலைய வெளிய நீட்டி, ‘இன்னா நைனா, அறுநூறு கிலோ கொறையுது’ன்னான்.

‘தண்ணி வெளிய போச்சுல்ல’ன்னேன்.

‘அறுநூறு கிலோவுக்கு எங்க நைனா தண்ணி? உள்ள இரும்பு இருக்குமே, அது கீதா? நான் முன்ன கிளப்புல இந்த மாதிரி போட்டுங்கள ஏத்தி எறக்கி கீறேன். பாய்ல காத்து அடிச்சா போட்டு சாயும். அடியில கெடக்குற வெயிட்டுதான் புடிச்சு நிமிர்த்தும். அது இல்லாட்டி போனது போனதுதான், திரும்பாது.’

நான் அவன் மூஞ்சியப் பார்த்து, ‘கீது, கீது. துருவ மட்டும் சொரண்டி எடுத்தேன்’னேன். ‘அப்ப சரி நைனா’ன்னு எறக்கி வெச்சுட்டுப் போய்ட்டான். பொன்ராஜு அப்போ டீ வாங்கப் போயிருந்தான், அவனுக்கு இது எதுவும் தெரியாது. அவன எதுலயும் சேக்காதீங்க.

ஒம்பது நாளு இருந்துச்சு மேடம். ஜன்னல திரும்ப அறுத்து, ஃபோம சொரண்டி, இரும்பு போட்டு மூட எனக்கு ஆறு நாளு போதும். நான் கணக்கு போட்டுப் பார்த்தேன். சாமான் பூரா ஷெட்டுலயே இருந்துச்சு. கட்டிங் மிஷின ரெண்டு தபா கையில எடுத்தேன். ரெண்டு தபாவும் எதிர்ல தண்டபாணி முக்காலி போட்டு உக்காந்து செல்லு பார்த்துகினு இருந்தான். நான் மூடின போட்ட நானே அறுக்குறத முப்பத்தொரு வருசத்துல காசிமேட்டுல ஒருத்தனும் பார்த்தது இல்ல. அவன் எழுந்து வந்து, ‘இன்னாண்ணே, எதாச்சும் மறந்துட்டியா’ன்னு ஒரு வார்த்தை கேப்பான். அவ்ளோதான் கேப்பான். அது எனக்கு ஆவல.

இவ்ளோ சின்ன விஷயமான்னு உங்க மூஞ்சில தெரியுது. எனக்கும் இப்போ சின்னதாத்தான் தெரியுது. அப்போ தெரியல.

நாலு நாளு இருக்கச்சொல்ல டெரிக் சாரு பெங்களூர்ல இருந்து வந்துட்டாரு. வூட்டுக்குக் கூட போவல, பெட்டியோட ஷெட்டுக்கு வந்தாரு. கீல தடவித் தடவிப் பார்த்தாரு. பேத்தி பொறந்துகீறான்னு லட்டு குடுத்தாரு. கீல விரலால தட்டிட்டு, ‘கெட்டியா கீதுப்பா. உள்ள எல்லாம் சரிதானே’ன்னு கேட்டாரு. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. ‘சார், ஒரு நாலு நாளு தள்ளிப் போடுங்க’ன்னு சொன்னா போதும், காரணம் கூட கேக்க மாட்டாரு. நல்ல மனுசன். நான் லட்ட வாயில போட்டுகினு, ‘ஒரு சொட்டு ஈரம் இல்ல சார்’னேன். அது பொய் இல்ல பாருங்க.

நான் நெனச்சது இதுதான். மொத ரவுண்டுக்கு ரொம்ப தூரம் போவ மாட்டாரு. அலையத் தடுக்கக் கொட்டின கல்லு கீதே, அந்த அலைக்கல்லுக்கு உள்ளயே சுத்துவாரு. பாதிப் பாய்தான் ஏத்துவாரு. கொஞ்சம் சாயும், அவரு பயந்து கரைக்கு வந்துடுவாரு. அப்பால ‘பெயிண்ட் சரியா புடிக்கல சார்’னு எதாச்சும் சொல்லி ஷெட்டுக்குள்ள இஸ்துட்டு, கதவ மூடிகினு, யாருக்கும் தெரியாம இரும்பப் போட்டுடலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல. அவரு போட்டும் நல்லாயிடும், என் பேரும் நிக்கும்.

திருவிழாவன்னிக்கு காலைல பூசை முடிஞ்சு சாமியாரு வந்து தண்ணி தெளிச்சு மந்திரிச்சாரு. மாலை, பலூனு எல்லாம் கட்டி இருந்துச்சு. தண்ணில எறக்கினதும் போட்டு மேல நின்னுச்சு. பழைய தண்ணிக் கோடு ஒரு சாணுக்கு வெளிய தெரிஞ்சுது. ‘ஏம்பா, இவ்ளோ ஒசரமா நிக்குது’ன்னாரு டெரிக் சாரு. ‘பன்னெண்டு வருசத் தண்ணி வெளிய போச்சே சார்’னேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு.

எங்க கரைல ஒரு வழக்கம் கீது மேடம். ஒட்டு போட்டவன்தான் மொத ரவுண்டு போவணும். எவன் மூடினானோ அவன் ஏறி உக்காந்து காட்டணும். ஏறலன்னா அந்த ரிப்பேர யாரும் நம்ப மாட்டாங்க. எத்தினி போட்டு மூடினேனோ அத்தினிலயும் நான் ஏறி இருக்கேன். அன்னிக்கு நான் கழுத்துல மப்ளர் சுத்திகினு போயிருந்தேன். ஜூன் மாச வெயில்ல. ஜொரம் சார், தலை சுத்துதுன்னேன். எனக்குப் பதிலா பொன்ராஜு ஏறட்டும், அவனும்தான் ஒட்டு போட்டான்னேன். டெரிக் சாரு சட்டைப் பையில இருந்து மாத்திரை அட்டைய எடுத்து, ‘எதாச்சும் துன்னுட்டு போடு மாணிக்கம், வெறும் வயித்துல போடாத’ன்னு என் கையில வெச்சாரு. என் கிட்ட அவரு கடைசியா பேசினது அதான்.

அலைக்கல்லத் தாண்டி வெளிய போய்ட்டாங்க. நான் கரைல நின்னு பார்த்தேன். பாதிப் பாய் இல்ல, முழுசா ஏத்திட்டாரு. திருவொத்தியூரு தாண்டி வெள்ளையா ஒரு புள்ளி மாதிரி போச்சு. மத்தியானம் கடல்காத்து பலமா அடிக்க ஆரம்பிக்கிற நேரம் எனக்குத் தெரியும். செல்லுல கூப்பிடலாம்னு நம்பர எடுத்தேன். எடுத்துட்டு, கூப்ட்டு இன்னான்னு சொல்றதுன்னு யோசிச்சேன். யோசிச்சுகினே நின்னேன்.

மீதிய பொன்ராஜு ஒங்க கிட்ட சொல்லிட்டான். ஒரே காத்து, போட்டு சாஞ்சுது, பாய் தண்ணில படுத்துச்சு, அப்பிடியே உருண்டு கீல் வானத்தப் பார்த்துச்சு. ரெண்டு பேரும் அந்தக் கீலப் புடிச்சு ஏறி இருக்காங்க. ஃபோம் இருந்ததால முழுவல. டெரிக் சாருக்கு ஒரு முட்டில கம்பி வெச்ச காலு, அத மடக்கி உக்கார முடியல. கையால மட்டும் புடிச்சிகினு தொங்கி இருக்காரு. ஒரு மணி நேரம் தாங்கினாரு. முகத்துவாரக்குப்பத்துப் போட்டு வந்து சேரச்சொல்ல பொன்ராஜு மட்டும்தான் இருந்தான்.

அவன் ஒங்க கிட்ட சொல்லாத ஒண்ணு கீது, அது அவனுக்குப் பெருசா தெரியல. ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிகினு அழுதுட்டு சொன்னான். ‘அண்ணே, சாரு கைய உடறதுக்கு முன்ன கீல ரெண்டு தபா விரலால தட்டிப் பார்த்தாரு. தட்டிட்டு ஒரு மாதிரி என்னப் பார்த்தாரு. மாணிக்கம்னு ஒன் பேரைச் சொன்னாரு. உன் வேலைதான் நம்மளத் தாங்குதுன்னு நெனச்சிருப்பாரு.’ பொன்ராஜு அப்பிடித்தான் புரிஞ்சிகினான். டெரிக் சாருக்கு அந்த நேரத்துல எல்லாம் தெரிஞ்சு போச்சு மேடம். ஷெட்டுல தட்டினப்போ அவரு என்ன நம்பினாரு; கவுந்து நிமிராத போட்டு மேல தொங்கிகினு தட்டினவருக்கு உள்ள இரும்பு இல்லன்னு தெரியாதா.

இதுக்கு அப்பால நடந்ததுதான் என்னத் தூங்க உடல. பொன்ராஜு சம்சாரம் பவுனம்மாள் எங்க வூட்டுக்கு வந்து என் கால்ல உழுந்தா. ‘உன் ஃபோமுதான்ணே என் தாலியக் காப்பாத்துச்சு’ன்னா. நெட்டுக்குப்பத்துல இருந்து ஆளுங்க வந்து எங்க போட்டுக்கும் அதே மாதிரி ஊத்திக் குடுன்னு கேக்குறாங்க. தண்டபாணி கூட வந்து, ‘தப்பா பேசிட்டேண்ணே, மனசுல வெச்சிக்காத’ன்னான். போன ஞாயித்துக்கெழம டெரிக் சாருக்கு முப்பதாம் நாள் பூசை. முடிஞ்சு வெளிய வரச்சொல்ல சில்வியாம்மா என் ரெண்டு கையையும் புடிச்சு முத்தம் குடுத்தாங்க. ‘போட்டு மெதந்ததாலதான் அங்கயே தேடினாங்க. உன்னாலதான் மாணிக்கம், அவரு ஒடம்பாவது எனக்குக் கெடைச்சுது’ன்னாங்க. இந்தக் கைய. நான் கைய இஸ்துக்கல. அந்தம்மா அழுது முடிக்கற வரைக்கும் குடுத்துகினு நின்னேன். என் மேல எனக்கே அருவருப்பா இருந்துச்சு.

அதான் வந்தேன். அந்தம்மா கிட்ட போயி சொல்ல எனக்கு தைரியம் இல்ல. ஒங்க கிட்ட சொன்னா நீங்க சொல்லிடுவீங்க. போட்டு இன்னும் கரைலதான் கெடக்குது, கீல அறுத்துப் பாருங்க. இரும்பு இருக்காது. ஷெட்டு வாசல்ல பள்ளத்தத் தோண்டுங்க, அங்க கெடைக்கும்.

நான் அவரக் கொல்லணும்னு நெனைக்கல மேடம். அதையும் அப்பிடியே எழுதிக்குங்க. எனக்கும் அவருக்கும் ஒரு பகையும் கெடையாது. கொஞ்சம் சாயும், திரும்பி வந்துடுவாருன்னுதான் நெனச்சேன். கவுந்துடும்னு எனக்குத் தெரியாது.

இன்னா கேட்டீங்க. ஷெட்டுல என்னத் தவிர நாலு பேரு வேலை செய்யச்சொல்ல, ஏன் பொன்ராஜ மட்டும் அனுப்பினேன்னா.

அவன் ஒட்டு போட்டவன், அதான். இல்ல, மத்தவங்களும்தான் ஒட்டு போட்டாங்க, நீங்க கேக்குறது வாஸ்தவம்.

மத்த மூணு பேரும் கடல் இல்லாத ஊருங்கள்ல இருந்து வந்தவங்க மேடம், தண்ணில எறங்கத் தெரியாது. பொன்ராஜு எண்ணூர் முகத்துவாரத்துல நீந்தி வளர்ந்தவன், ரெண்டு மணி நேரம் தண்ணில கெடந்தாலும் தாங்குவான். அவனுக்கு சின்னப் புள்ளைங்க வேற கீது, அதுங்களுக்காகவாச்சும் புடிச்ச கைய உடமாட்டான். யார ஏத்தறதுன்னு அதுக்கு முன்னாடி நாலு நாளு நல்லா யோசிச்சுதான் அவன் பேரச் சொன்னேன்.